நறுமுகை எடுத்துக்கொண்டவை

எங்கள் பகுதியில் குழந்தைகள் எதையும் புதிதாகக் கற்றுக்கொள்வதில்லை. அக்கம்பக்கத்தில் யாரிடமாவது இருப்பதை எடுத்துக்கொள்ளும். எடுத்தது எடுத்ததுதான், திரும்பி வராது. அதனால் தடுப்பூசி அட்டையில் ‘என்ன செய்கிறது’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ‘யாருடையது’ என்று இன்னொரு கட்டம் இருக்கும்.

என் மகள் நறுமுகை இரண்டாம் மாதத்தில் முகம் பார்த்துச் சிரித்தாள். அது என் கணவர் தயாளனுடைய சிரிப்பு. அவர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், ஆகையால் மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. மேலதிகாரி கூப்பிட்டு, “இப்பத்தான்யா உனக்குப் பொறுப்பு வந்திருக்கு” என்று பாராட்டினாராம்.

மூன்றாம் மாதம் அவளுக்குத் தலை நின்றது, எனக்கு ஆடத் தொடங்கியது. எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்கிறேன் என்று நினைத்து, குடியிருப்போர் சங்கத்துக்கு என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். ஐந்தாம் மாதம் குப்புற விழுந்தாள். அன்றிலிருந்து தயாளன் மல்லாக்கப் படுத்தால் மல்லாக்கவே கிடப்பார். விடிந்ததும் நான்தான் புரட்டிவிட வேண்டும்.

தவழ்வது யாருடையது என்று மட்டும் தெரியவில்லை. நானும் தயாளனும் கூடத்தில் தவழ்ந்து பார்த்தோம், இரண்டு பேருக்கும் வந்தது. தடுப்பூசி போட வந்த நர்ஸ் செண்பகம் புடவையைச் செருகிக்கொண்டு தரையில் இறங்கினார். கை முன்னால் போனது, முட்டி போகவில்லை.

“என்னுதுதான்,” என்று எழுந்து, அட்டையில் தன் பெயரை எழுதிக்கொண்டார். “பரவால்ல. ரிட்டயர்மெண்ட்டுக்கு ரெண்டு வருஷம்தான் இருக்கு. அடுத்தது பேச்சு. முன்னாடியே யாரையாச்சும் பார்த்து வெச்சுக்குங்க.”

பேச்சைக் கொடுக்க எங்கள் இருவருக்கும் மனமில்லை. தயாளனின் அண்ணன் சபாபதியை வரச்சொன்னோம். அவர் வீட்டுமனைத் தரகர். அவர் பேச்சில் பாதி போனாலும் வெளியே தெரியாது, முழுக்கப் போனால் சொந்தக்காரர்கள் நன்றி சொல்வார்கள். காரணத்தைச் சொல்லவில்லை. குழந்தை உங்களைத் தேடுகிறது என்றோம்.

பத்தொன்பது நாள் இருந்தார். “கிழக்குப் பார்த்த கார்னர் மனை, பாப்பா. இருபது அடியில தண்ணி,” என்று மடியில் வைத்துச் சொல்லிக்கொண்டேயிருந்தார். நறுமுகை அவர் வாயையே பார்த்தாள். கடைசி நாள் காலை அவரைத் தாண்டி என்னைப் பார்த்து, எல்லாக் குழந்தைகளும் முதலில் சொல்லும் அந்தச் சொல்லைச் சொன்னாள். அது இப்போது என்னிடம் இல்லாததால் இங்கே எழுத முடியவில்லை.

அன்று சாயந்திரம் கோவில்பட்டியிலிருந்து என்னைப் பெற்றவள் போன் செய்தாள்.

“என்னடி, சத்தத்தையே காணும்?”

எப்போதும் கூப்பிடுகிற மாதிரி கூப்பிடப் போனேன். வாயில் அந்த இடம் பல் விழுந்த ஈறு மாதிரி வழவழப்பாக இருந்தது. பெயரையாவது சொல்வோம் என்று தொடங்கினேன்.

“பேச்சி...”

பெயரின் மீதியிலும் அதே சொல் இருந்ததால் அங்கேயே நின்றுவிட்டது. திட்டு விழும் என்று காத்திருந்தேன்.

“அப்படி என்னைய யாரும் கூப்பிட்டு நாப்பது வருசம் ஆச்சுடி,” என்றாள். “இன்னொருக்க கூப்பிடு.”

கூப்பிட்டேன்.

“இந்தா வந்துட்டேன்,” என்றாள்.

ஒரு வயது முடிய ஒரு வாரம் இருக்கும்போது நறுமுகை சுவரைப் பிடித்து நின்றாள். நடையை யார் தருவது என்று எங்களுக்குள் சண்டை.

“என்னுது போகட்டும். ஆபீஸ்ல உக்காந்துதானே வேல,” என்றார் தயாளன்.

“புரட்டிவிடவே நான் வேணும். நடையும் போச்சுன்னா உங்கள யாரு தூக்குறது?” என்று கத்தினேன். தலை ஆடியதால், சம்மதித்துவிட்டேன் என்று எடுத்துக்கொண்டார்.

பிறந்தநாளன்று அவள் சுவரை விட்டாள். தயாளன் நாற்காலியில் உட்கார்ந்து முட்டிகளைப் பிடித்துக்கொண்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து என்னுடையதைப் பிடித்துக்கொண்டேன். நான்கு அடி வைத்தாள். சாப்பாட்டுக்கு வந்திருந்த சபாபதியின் வேட்டியைப் பற்றிக்கொண்டு நின்றாள்.

நாங்கள் எழுந்து கூடத்தின் குறுக்கே நடந்து பார்த்தோம். எனக்கு வந்தது. தயாளனுக்கும் வந்தது. சபாபதி வாசல்வரை நடந்து காட்டினார். செண்பகம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்திருந்தார். கட்டம் காலியாக இருந்தது.

மறுநாள் எதிர்வீட்டுக் கல்யாணத்துக்குப் போனோம். பெண், மாப்பிள்ளை எல்லாரும் வந்திருந்தார்கள். கெட்டிமேளம் கொட்டினார்கள், அட்சதை போட்டோம், பந்தியில் பாயசம் இரண்டாம் தடவையும் வந்தது. கல்யாணம் மட்டும் நடக்கவில்லை. திங்கட்கிழமை சங்கக் கூட்டம் நடக்கவில்லை. முனைக் கடையில் வியாபாரம் நடக்கவில்லை. செண்பகம் அந்தக் கட்டத்தில் ‘தெரு’ என்று எழுதித் தேதி போட்டார்.

எங்கள் தெருவில் இப்போது நடப்பது நறுமுகை மட்டும்தான். சாயந்திரம் வாசலில் நாற்காலி போட்டுப் பார்க்கிறோம். எதிர்வீட்டு மாப்பிள்ளையும் மாலையைக் கழற்றாமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார்.