எரியாத சிவப்பு விளக்கு

மேனேஜர் தன் கைபேசியைக் கொண்டுவந்து ஒலிப்பதிவு மிக்ஸர் மேல் வைத்தபோதே, அதை இயக்கும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கே எதையும் வைக்காதீர்கள் என்று அவள் எழுதி ஒட்டியிருந்த காகிதத்தின் மேலேயே வைத்தார். டைரக்டர் வெளியூரில் படப்பிடிப்பில் இருக்கிறார். போனில் இருந்தபடியே கண்ணாடி பூத்துக்குள் நின்று டப்பிங் பேசுபவரிடம் நேராகப் பேச வேண்டுமாம், ஏற்பாடு செய் என்றார்.

ஏற்பாடு நேற்றே செய்தாயிற்று. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருப்பவர் அந்தப் பக்கம் பேசுவதற்கு டாக்பேக் என்று ஒன்று உண்டு. பொத்தானை அழுத்தினால் பேச்சு உள்ளே இருப்பவரின் ஹெட்போனுக்குப் போகும், மேஜையில் சிவப்பு விளக்கு எரியும். விரலை எடுத்தால் இரண்டும் நின்றுவிடும். அந்த ஸ்டுடியோவில் எல்லாரும் விளக்கைப் பார்த்துத்தான் வாயைத் திறப்பார்கள். விளக்கு அணைந்திருந்தால் போதும், உள்ளே நிற்பவரின் மூக்கு, முழி, குடும்பம் எல்லாவற்றையும் நிம்மதியாக அலசுவார்கள். போனையும் அந்தப் பொத்தான் வழியாகத்தான் அவள் இணைத்திருந்தாள். மேனேஜரின் விரல் ஒவ்வொரு முறையும் தாமதமாக அழுத்தியதில் டைரக்டரின் முதல் வார்த்தை விழுங்கப்பட்டது. டைரக்டர் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். வாங்கிக் கட்டிக்கொண்ட மேனேஜர் அதை அப்படியே அவள் தலையில் இறக்கினார். பொத்தானே வேண்டாம், நேராகப் போகட்டும் என்றார்.

நேராகப் போக வழி இருந்தது. வெளிச் சாதனங்களைச் செருக மிக்ஸரின் பின்னால் தனித் துளை ஒன்று உண்டு. அதில் வருகிற சத்தம் யாரையும் கேட்காமல் ஹெட்போனுக்குப் போய்விடும். விளக்கு மட்டும் எரியாது.

“சார், அதுல போட்டா லைட்டு...”

“லைட்டப் பத்தி யாரும்மா கேட்டா? எதுக்கெடுத்தாலும் பாடம் எடுக்கணும் உனக்கு. சொன்னதைச் செய்.”

ஆறு வருடமாக இதே பதில். அவள் பாதியில் நின்ற பேச்சை விழுங்கிக்கொண்டு கேபிளைச் செருகினாள். படட்டும், நன்றாகப் படட்டும் என்று மனசுக்குள் கறுவினாள். படப்போவது யார் என்று அப்போது யோசிக்கவில்லை.

உள்ளே நின்றது அவளுடைய அண்ணி. ஒரு தொடரில் வரும் அம்மாவுக்குப் பதினோரு வருடமாக அண்ணியின் குரல்தான். அந்த அம்மாவாக நடித்தவர்கள் இரண்டு முறை மாறிவிட்டார்கள், குரல் மாறவில்லை. இவளை இந்த வேலையில் சேர்த்துவிட்டதும் அண்ணிதான். வயர் பிடிக்கிற வேலை பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு என்று அண்ணன் குதித்தபோது, அவரை ஒரே பார்வையில் உட்காரவைத்தவள்.

இரண்டு சின்னக் காட்சிகள் முடிந்தன. அடுத்தது, அந்த அம்மா மகனைப் பறிகொடுத்து அழுகிற காட்சி. அண்ணி தண்ணீர் குடித்துவிட்டுக் காகிதத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். மேனேஜர் பழக்க தோஷத்தில் விளக்கைப் பார்த்தார். எரியவில்லை. போனருகே குனிந்து, அந்த விஷயம் முடிவுதானா சார் என்று தணிந்த குரலில் கேட்டார்.

“முடிவுதான்யா. அந்தம்மா குரல்ல கிழடு தட்டிடுச்சு. இந்த அழுகையை மட்டும் இன்னைக்கு வாங்கிடு, புதுப் பொண்ணுக்கு அது வராது. நாளையிலேருந்து அவதான் பேசப்போறா. முடியற வரைக்கும் மூச்சு விடாதே.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காகிதம் பாதியில் நின்றது.

இவள் கை கேபிளுக்குப் போனது. அண்ணி அதைப் பார்த்துவிட்டாள். வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தாள். டைரக்டர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார், புதுப் பெண்ணின் குரலில் எவ்வளவு இளமை என்று. அண்ணி கடைசி வார்த்தை வரை நின்று கேட்டாள். இவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மேனேஜர் மேல், டைரக்டர் மேல், எல்லாவற்றுக்கும் மேலாகக் காலையில் வாயை மூடிக்கொண்ட தன் மேல்.

மேனேஜர் பொத்தானை அழுத்தினார். விளக்கு பளிச்சென்று எரிந்தது. குரலில் தேன் வழிய, சார் உங்களைப் பற்றித்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார் அக்கா, அழுகைக்குப் போகலாமா என்று கேட்டார்.

“கேட்டுச்சு தம்பி,” என்றாள் அண்ணி மைக்கில். “ஒரு வார்த்தை விடாம கேட்டுச்சு.”

ஹெட்போனைக் கழற்றி மைக்குக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டு வெளியே வந்தாள். இவள் நடைபாதையில் ஓடிப் பிடித்தாள். அண்ணியின் கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

“லைட் எரியாதுன்னு உனக்குத் தெரியும்ல?”

“தெரியும் அண்ணி.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

அவ்வளவுதான். கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனாள். வீட்டில் ராத்திரி ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது இவளுக்கு நினைவு வந்தது.

இவள் திரும்பி வந்தபோது மேனேஜர் போனைக் கையால் பொத்திக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார். கேபிளைப் பிடுங்கு என்றார், இதெல்லாம் உன் வேலை என்றார். இவள் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். கேபிளைத் தொடவில்லை. பூத்தின் மைக் திறந்தே இருந்தது. ஆளில்லாத அறையில் தொங்கிக்கொண்டிருந்த ஹெட்போனிலிருந்து டைரக்டரின் குரல் கொசு போலக் கசிந்து, மைக் வழியாகத் திரும்பிப் பெரிய ஸ்பீக்கரில் வந்தது.

“ரெடியாம்மா? நெஞ்சுலேருந்து வரணும். அழுங்க.”

ஒலி அளவைக் காட்டும் மீட்டரின் முள் ஒரு முறை துள்ளி விழுந்தது. விளக்கு எரியவில்லை.