ஈர இரும்பு

"இப்ப நீ பாடுனது இன்னா? திரும்பப் பாடு."

"மைக் டெஸ்டிங்மா அது, சும்மா…"

"சும்மாவா? கண்ணாடின்னு காதுல வுழுந்துச்சே! எங்க அண்ணன் பாட்டுல எங்கேர்ந்துண்ணா வந்துச்சு கண்ணாடி?"

"சுமா, மெதுவா பேசு, மைக் ஆன்ல கீது…"

"இருக்கட்டும்! எல்லாரும் கேக்கட்டும்!"

சந்திரமோகன் ஓடிப்போய் மைக்கை அணைத்தான். மேடைக்குப் பின்னால், வெள்ளைத் துணி கட்டிய மறைப்பில், இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு நின்றார்கள். துணியின் அந்தப் பக்கம் பாதுகாப்பு வார விழாவுக்கு நாற்காலி போடும் சத்தம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு உருக்குகிற மில் அது. விழாவுக்காக உலையை நிறுத்தி, ஷெட்டைக் கழுவி, ஆள் வருகிற வழியெல்லாம் பன்னீர் தெளித்திருந்தார்கள். எரிந்த எண்ணெய் நாற்றத்தின் மேல் பன்னீர் விழுந்தால் எப்படி இருக்கும்? சுமலதாவுக்கு வந்ததிலிருந்தே குமட்டிக்கொண்டிருந்தது. இப்போது அந்த நாற்றம் சந்திரமோகன் சட்டையிலிருந்தே வருகிற மாதிரி இருந்தது.

"பாடுண்ணா. அந்த வரிய என் மூஞ்சிக்கு நேரா பாடு."

அவன் பாடவில்லை. எங்கோ பார்த்துக்கொண்டு வசனம் மாதிரி சொன்னான். "கண்ணாடி போடாம நின்னது யாரு… அது யாரு."

"த்தூ!"

"துப்பு. துப்பிட்டு நான் சொல்றதக் கேளு. ஒரே ஒரு வரிதான். மெட்டு மாறல, மத்ததெல்லாம் அப்டியே கீது. இந்த ஒரு வரிய மாத்துனா இந்த ஏரியாவுல எல்லாக் கம்பெனியிலயும் நம்மளக் கூப்புடுவாங்க. புது சிடி போட்டுத் தரேன்னு சொல்லிக்கீறாங்க."

"அந்த ஒரு வரிதாண்ணா பாட்டே!"

பொய்யில்லை. அந்த ஒரு வரிதான் பாட்டு.

சந்திரமோகனுக்கு முதலில் இருந்தது வேறொரு குழு. பெயர் 'ஃபர்னஸ்'. புதுவாயல் கூட்டுரோட்டில் பஞ்சர் கடை மாடியில் நாலு பேர் கரண்டு கித்தாரும் டிரம்முமாகப் போடுகிற கூச்சலில், கீழே டீ குடிக்கிறவர்கள் "மேல இன்னா, தகரம் அடிக்கிறானுங்களா?" என்று கேட்பார்கள். அப்புறம்தான் ஊரெல்லாம் தினமும் சாயங்காலம் கரண்டு போகிற வருஷம் வந்தது. ஸ்பீக்கர் பெட்டிகள் செத்துக் கிடக்கிற அந்த நேரத்தில் மோகன் ஒரு மரக் கித்தாரைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் வந்து உட்காருவான். பக்கத்து வீட்டு சுமலதா கூடப் பாடுவாள். ஃபேன் இல்லாமல் வெளியே வந்த ஜனங்கள் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்து கேட்பார்கள். கரண்டு வந்ததும், "அட, வந்துட்ச்சே!" என்று சலித்துக்கொண்ட ஜனம் புதுவாயலில் மட்டும்தான் இருந்திருக்கும். விளையாட்டாகத் தொடங்கிய அந்த இரண்டு பேர் குழுவுக்கு 'கரண்டு போன நேரம்' என்று அவர்களே பெயர் வைத்தார்கள்.

அந்தப் படிக்கட்டில் பிறந்ததுதான் 'ஈர இரும்பு'.

சுமலதாவின் அண்ணன் அருணாச்சலமும் சந்திரமோகனும் இதே மில்லில், இதே உலைக்குப் பக்கத்தில், ஒரே ஷிப்டில் நின்றவர்கள். மழையில் நனைந்த பழைய இரும்பைக் காயவைக்காமல் உலையில் கொட்டக்கூடாது. உள்ளே சிக்கிய தண்ணீர் ஆவியாகி வெடிக்கும், உருகிய இரும்பு மேலே தெறிக்கும். அது அங்கே கூட்டுகிறவளுக்குக்கூடத் தெரியும். ஆனாலும் அன்றைக்குக் கொட்டச் சொன்னார்கள். அருணாச்சலம் முகத்தில் வாங்கினான், இரண்டாம் நாள் போய்விட்டான். மோகனுக்கு முழங்கையில் மட்டும் ஒரு துளி. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ஒருத்தர் விடாமல் அம்மா மணியம்மாள் கேட்டது ஒரே கேள்விதான். "ஈர இரும்ப உள்ள போடச் சொன்னது யாரு? யாரு அது?" மில்லிலிருந்து மாலையோடு வந்தவர்களிடமும் கேட்டாள். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

அந்தக் கேள்வியைத்தான் மோகன் பாட்டாக்கினான். முதல் தடவை மணியம்மாள் வாசலிலேயே வந்து பாடிக் காட்டினான். அவள் கேட்டுவிட்டு, "இத்த அவனுங்க முன்னாடி ஒரு தபா பாடுவியா மோகனு?" என்றாள். "பாடுறேன்மா. சத்தியமா" என்றான்.

அதற்கப்புறம் அந்தப் பாட்டு எங்கெங்கோ போனது. எஃப்எம்மில் வந்தது, சிடியில் வந்தது. மெட்ராஸில் காபிக் கடை காபிக் கடையாகக் கூப்பிட்டார்கள். 'ஃபர்னஸ்' குழுவை எல்லாரும் மறந்தே போனார்கள். கடைசிப் பாட்டுக்கு முன்னால் மோகன் சட்டைக் கையைச் சுருட்டித் தழும்பைக் காட்டுவான். பாட்டு நடுவில் மைக்கையும் விளக்கையும் மொத்தமாக அணைக்கச் சொல்லிவிட்டு, லாந்தர் வெளிச்சத்தில் வெறுங்குரலில் முடிப்பான். கரண்டு போன மாதிரி செட்டப். வெளியே ஜெனரேட்டர் ஓடும், உள்ளே ஏசி நிற்காது. ஸ்ட்ராவை வாயில் வைத்துக்கொண்டே ஒரு பெண் ஒருநாள் அழுததைச் சுமலதா பார்த்தாள். அன்றைக்கே அவளுக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும், என்றைக்காவது அம்மா கேட்டபடி மில்காரர்கள் முன்னால் பாடிவிடலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கூடவே போனாள்.

அந்த நாள்தான் இது. அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

"உனக்கு இந்த வரிய யாருண்ணா சொல்லிக் குடுத்தது?"

"யாரும் சொல்லல, நானே…"

துணி விலகியது. மில்லின் பர்சனல் ஆபீசர் உள்ளே வந்தார். கையில் இரண்டு காகிதத் தட்டு, கேசரி. "இன்னா தம்பி, எல்லாம் ரெடியா? நாம பேசுன மாதிரி அந்த வரிய மாத்தியாச்சு இல்ல? நல்ல மெசேஜ்ப்பா, ஒர்க்கருங்களுக்குப் போய்ச் சேரணும். வாம்மா, சாப்புடு. உங்க அம்மாவுக்குப் பொன்னாடை, பிரஷர் குக்கர், எல்லாம் இப்பத்தான் குடுத்தோம்."

தட்டை ஸ்பீக்கர் பெட்டி மேல் வைத்துவிட்டுப் போனார். கூரைத் தகரத்திலிருந்து உதிர்ந்த கரித்தூள் கேசரி மேல் பொட்டுப் பொட்டாக உட்கார்ந்தது. மோகன் ஒரு தட்டை எடுத்து, ஊதி, ஒரு வாய் போட்டுக்கொண்டான்.

சுமலதா இன்னொரு தட்டைத் தள்ளி வைத்தாள். "எப்டிண்ணா எறங்குது உனக்கு?"

"காலைலேர்ந்து நாஷ்டாகூடத் துன்னலம்மா…"

"கண்ணாடி போடாம நின்னான்னு சொன்னா, செத்தது அவன் தப்புன்னு ஆவுது. அது தெரியுதா, தெரியலியா? சேப்டி கண்ணாடி குடுத்தானுங்களா மொதல்ல? சொல்லு. நீ அங்கதானே நின்ன?"

"ரூல்ஸ்ல கீதும்மா…"

"ரூல்ஸ்ல கீறது தெரியும். கையில குடுத்தானுங்களா?"

மோகன் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். "இன்னா இப்போ? செத்தவன் திரும்பி வரப் போறானா? உசுரோட கீறவன் பொழைக்க வேணாமா? எவ்ளோ நாளு படிக்கட்டுலயே உக்காந்துக்கினு இருக்கிறது? பேஜாரு பண்ணாதம்மா. நீ பாடலன்னா நான் ஒண்டியாப் பாடிக்கறேன்."

"பாடு. என் குரலு உன் குரலு பக்கத்துல நிக்காது. நெனச்சாலே வாய் கழுவணும் போலக் கீது."

அவள் துணியை விலக்கிக்கொண்டு இறங்கினாள். தோளில் பொன்னாடை சரிய, மடியில் குக்கர் பெட்டியோடு மணியம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"எம்மா, எழுந்துரு. ஊட்டுக்குப் போலாம்."

"எங்கடி போறது? இன்னும் பாட்டே ஆவல. நீ ஏன் கீழ எறங்கிட்ட?"

"நான் பாடல. வாம்மா, சொல்றேன்ல."

"தொண்ட கட்டிக்கிச்சா? பரவால்ல, மோகனு பாடுவான். இந்தப் பெட்டிய வாங்கிக்க இம்மாந்தூரம் வந்தேன்னு நெனச்சியா? அதோ பாரு, மொதலாளி உக்காந்துக்கினு கீறாரு. அவரு காதுல வுழணும்டி, நான் அவரு மூஞ்சியப் பாக்கணும்."

"அவன் வரிய மாத்திட்டாம்மா."

"எந்த வரிய? இன்னான்னு?"

சுமலதா வாயைத் திறந்தாள். அந்த வார்த்தைகளைத் தன் நாக்கில் எடுத்து அம்மா காதில் போட அவளால் முடியவில்லை. மலத்தைக் கையால் அள்ளிக் கொடுக்கச் சொன்ன மாதிரி இருந்தது. அம்மா பக்கத்தில் அப்படியே உட்கார்ந்தாள்.

மோகன் மேடையேறினான். சட்டைக் கையைச் சுருட்டினான். "நானும் இந்த மில் புள்ளதான்" என்று தழும்பைக் காட்டினான். முதலாளி தலையாட்டினார். யூனிபார்மில் வரிசையாக உட்கார்ந்திருந்த ஆட்கள் கை தட்டினார்கள். மழை பெய்த காலையும், உலையும், ஓட்டமும் பாட்டில் அப்படியே வந்தன. மணியம்மாள் ஒவ்வொரு வரியையும் உதட்டால் கூடவே சொல்லிக்கொண்டிருந்தாள். கேள்வி வருகிற இடத்துக்கு முன்னால் மோகன் கையைத் தூக்கிச் சைகை காட்டினான். ஷெட்டில் விளக்கெல்லாம் அணைந்தன. மைக் செத்தது. ஃபேன் நின்றது. உலையும் ஓடாததால், அந்த ஷெட்டில் ஒரு நாளும் இல்லாத அமைதி.

சாயங்கால வெளிச்சம் கதவு வழியாகக் கொஞ்சம் வந்தது. அதில் நின்றுகொண்டு வெறுங்குரலில், அழகாக, சுருதி பிசகாமல் பாடினான்.

"கண்ணாடி போடாம நின்னது யாரு… அது யாரு…"

பழைய வரியைச் சொல்லத் திறந்த மணியம்மாளின் உதடு அப்படியே நின்றது. சுமலதா அம்மா கையைப் பிடித்தாள்.

மோகன் கண்ணை மூடிக்கொண்டு அந்த வரியை இரண்டாம் தடவை பாடினான். முடித்துவிட்டுக் கைதட்டலுக்காகக் கண்ணைத் திறந்தான்.

மணியம்மாள் குக்கர் பெட்டியை முதலாளியின் காலடியில் இறக்கி வைத்தாள். எழுந்தாள். மைக் இல்லாத, ஃபேன் ஓடாத அந்த ஷெட்டில் அவள் மெதுவாகத்தான் பேசினாள். ஆனாலும் கடைசி வரிசைவரை கேட்டது.

"மோகனு, அன்னிக்கு நீயுந்தானேப்பா அவன் பக்கத்துல நின்னுக்கினு இருந்த? நீ போட்டுக்கினு இருந்தியா கண்ணாடி?"