நாற்காலி மட்டும்தான் வாடகைக்கு

மல்லசமுத்திரம் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஆறு மாதத்துக்கு முன் புதிதாகத் திறந்த சலூனில், காலை பத்து மணிக்குள் இரண்டு வேலைகள் தவறாமல் நடக்கும். மோகன்குமார் முதல் தலையை வெட்டி முடிப்பான். கடைக்காரர் கதிர்வேல், காத்திருப்பவர்களின் சோபாவில் உட்கார்ந்து ஷெட்டுக்காரன் கதையைச் சொல்லி முடிப்பார்.

கதிர்வேல் பத்தொன்பது வருடம் ரிக் வண்டி வைத்திருந்தவர். ஊர் ஊராகப் போய் போர்வெல் போட்டவர். முழங்கால் தேய்ந்ததும் வண்டியை விற்றுவிட்டு, உள்ளூரிலேயே நிழலில் உட்காரலாம் என்று சலூன் திறந்தார். அவருக்குக் கத்தரி பிடிக்கத் தெரியாது. அதனால் கண்ணாடி, ஏசி எல்லாம் போட்டு, நாற்காலிகளை மாத வாடகைக்கு விட்டார். ஒன்று ஆண்களுக்கு முடி வெட்டும் மோகன்குமாருக்கு. தடுப்புக்கு அந்தப் பக்கம் பெண்கள் பகுதியில், மணப்பெண் அலங்காரம் செய்யும் தனப்பிரியாவுக்கு ஒன்று, புருவம் திருத்தி மருதாணி போடும் சௌந்தர்யாவுக்கு ஒன்று. தொழில் அவரவருடையது, வாடிக்கை அவரவருடையது, வருகிற நேரமும் போகிற நேரமும் அவரவர் இஷ்டம். ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது.

ஒப்பந்தம் பீரோவில் கிடந்தது. கதிர்வேலின் தலைக்குள் இன்னும் ரிக் வண்டிதான் ஓடிக்கொண்டிருந்தது. தனப்பிரியா பத்தரைக்கு வந்தால், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத் தொண்டையைச் செருமுவார். மோகன்குமார் சாப்பிடப் போனால், எப்போது திரும்புவாய் என்று கேட்பார். மற்றபடி தங்கமான மனிதர். மூவருக்கும் தினம் இரண்டு வேளை டீ அவர் செலவுதான். அந்த டீயோடு கதையும் வரும்.

"ராய்ச்சூர்ப் பக்கம் ஒரு ஷெட்டுல மாச வாடகைக்கு வண்டிய நிறுத்தியிருந்தனுங்க. ஒரு நாள் ஷெட்டுக்காரன் வந்து, என்ற எடத்துலதான வண்டி நிக்குது, என்ற தோட்டத்துக்குச் சும்மா ஒரு போர் போட்டுக் குடுங்கறான். நான் உட்டனா? எடத்துக்குத்தானய்யா வாடக குடுக்கறேன். வண்டி என்றது, வேல என்றது. உன்ற எடத்துல நின்னா என்ற வண்டி உன்றதாயிருமான்னு கேட்டன் பாருங்க, மனுசன் மூஞ்சி தொங்கிப் போச்சு."

கேட்பவர்கள் சிரிப்பார்கள். மோகன்குமாரும் சிரிப்பான். முதல் மாதத்திலேயே அந்தக் கதை அவனுக்கு மனப்பாடமாகியிருந்தது.

அன்றைக்குக் கதை முடிந்த கையோடு அக்கா கமலவேணியிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, அகல்யா கண்ணாலத்துக்கு அலங்காரம் பண்ண ஆள் பாக்கோணும் சாமி. சேலத்துல கேட்டா, அவங்க சொல்ற ரேட்டுக்கு எனக்கு மயக்கம் வருது."

"ஆளு எதுக்குக்கா பாக்கறே? என்ற கடை எதுக்கு இருக்குது? பொண்ணுக்கு, நம்ம ஒறம்பரை சனத்துக்கு, மாப்பிள்ளை ஊட்டுக்கு, எல்லாத்துக்கும் என்ற ஆளுகளே வந்துருவாங்க. நீ ஒத்தைப் பைசா தர வேண்டாம்."

தம்பியின் பெருந்தன்மை சாயங்காலத்துக்குள் சொந்தபந்தம் முழுக்கப் பரவியது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். கதிர்வேலுக்கு அது தோன்றவேயில்லை. தாய்மாமன் கடமையை முடித்துவிட்ட மகிழ்ச்சியில் நன்றாகத் தூங்கினார்.

மறுநாள் காலை மூவரையும் கூப்பிட்டுச் சொன்னார். "வர்ற ஆவணி முகூர்த்தத்துல என்ற அக்கா புள்ள அகல்யாவுக்குக் கண்ணாலம். மூணு பேரும் திருச்செங்கோட்டு மண்டபத்துக்கு வந்தர்றீங்க. நாப்பது பொம்பளைக இருக்கறாங்க. சாப்பாடு நம்முது."

சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்திருந்தார்.

தனப்பிரியாதான் மெதுவாக ஆரம்பித்தாள். "அண்ணா, அன்னைக்கு எனக்குக் குமாரபாளையத்துல ஒரு பொண்ணு இருக்குதுங்க. நாலு மாசத்துக்கு முன்னாடியே வாக்குக் குடுத்தாச்சு."

"அதத் தள்ளி வெய்யி அம்மிணி."

"அவங்க கண்ணாலத்த நான் எப்படிங்கண்ணா தள்ளி வெக்கறது? தறி ஓட்டற புள்ளைங்க. இனிமே வேற ஆளுக்கு எங்க போகும்?"

மோகன்குமாரும் தலையைச் சொறிந்தான். "முகூர்த்த நாளுதானுங்கண்ணா நமக்கு நாலு காசு பாக்கற நாளு. அன்னைக்குச் சும்மா வந்தா…"

கதிர்வேலுக்கு முகம் சிவந்துவிட்டது. அக்காவுக்குக் கொடுத்த வாக்கு என்னாவது? சொந்தக்காரர்கள் முன்னால் எந்த முகத்தோடு நிற்பது? "என்ற கடைல உக்காந்துட்டு என்றகிட்டயே ஞாயம் பேசறீங்களா? வர முடியாதவங்க நாற்காலியக் காலி பண்ணிக்கலாம்" என்றார்.

சேலத்தில் ஆறு வருடம் சம்பளத்துக்கு நின்றவள் தனப்பிரியா. சொந்தமாகத் தொழில் என்று உட்கார்ந்தது இந்த நாற்காலியில்தான். தன் பெயரைச் சின்ன எழுத்தில் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டி வைத்திருந்தாள். இப்போது பிரஷ்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பையில் போட ஆரம்பித்தாள்.

சௌந்தர்யா ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். புருவம் திருத்தும் நூலைக் கையில் சுற்றியபடியே முன்னால் வந்தாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கலாங்களா?"

"என்ன?"

"அந்த ஷெட்டுக்காரருக்குக் கடைசில போர் போட்டுக் குடுத்தீங்களா?"

பாதி முகத்தில் சோப்பு நுரையோடு மோகன்குமாரின் நாற்காலியில் உட்கார்ந்திருந்த லாரி டிரைவருக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. மோகன்குமார் கத்தியைத் தூரமாகப் பிடித்துக்கொண்டான்.

கதிர்வேல் விறுவிறுவென்று வெளியே போனார்.

டீக்கடையில் வாங்கிய டீ ஆறிப்போனது. முதலில் கோபம் வந்தது. கோபம் இறங்கியதும் வெட்கம் வந்தது. நாள் தவறாமல் சொன்ன கதை. 'உன் இடத்தில் நின்றால் என் வண்டி உன்னுடையதாகிவிடுமா?' வெயிலில் நின்று பத்தொன்பது வருடம் கற்றதை, ஏசிக்குள் ஆறே மாதத்தில் மறந்தாயிற்று. நினைக்க நினைக்க அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. தனியாகச் சிரிக்கிற மனிதரை டீ மாஸ்டர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அக்காவுக்குப் போன் போட்டு உள்ளதைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவள் திட்டவில்லை. "அட கிறுக்கா, அவங்களக் கேக்காமயா சொன்னே? சமையல்காரருக்கு வெத்தலபாக்கு வெச்சு அட்வான்ஸ் குடுத்துத்தான கூப்புட்டோம்? இவங்களையும் அப்படிப் போய்க் கூப்புடு" என்றாள்.

மறுநாள் கதிர்வேல் மூன்று தட்டுகளோடு வந்தார். ஒவ்வொன்றிலும் வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள் தடவிய பத்திரிகை. சோபாவில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"பத்திரிக்க மொதல்ல. நீங்க ஒறம்பரையா வரோணும். வேலைக்கு வாரதும் வராததும் உங்க இஷ்டம், உங்க ரேட்டு. தாய்மாமன் செலவுன்னு சொன்னேன், அது என்ற செலவாவே இருக்கட்டும். நேத்துப் பேசுனது என்ற தப்பு சாமி."

தனப்பிரியா பத்திரிகையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிரஷ்கள் பையிலிருந்து மேசைக்கு வந்தன. "குமாரபாளையத்த உட முடியாதுங்கண்ணா. ஆனா சௌந்தர்யா என்னோட எட்டுப் பொண்ணுகளுக்குக் கூட நின்னுருக்கறா. அகல்யாவுக்கு அவளே பண்ணட்டும்."

"தனியாவா? எனக்குக் கை நடுங்குதுங்க" என்றாள் சௌந்தர்யா.

"நேத்து என்றகிட்டக் கேள்வி கேட்டப்ப நடுங்கலையே அம்மிணி" என்றார் கதிர்வேல். மோகன்குமார் சிரித்துக்கொண்டே மாப்பிள்ளை வீட்டு வேலைக்கு அட்வான்ஸ் வாங்கிக்கொண்டான்.

முகூர்த்தத்தன்று, அலங்காரம் முடிந்து கண்ணாடியைப் பார்த்த அகல்யா, "நானா இது?" என்று சௌந்தர்யாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கமலவேணி வாசலிலேயே நின்று கண்ணைத் துடைத்தாள். மதியச் சாப்பாட்டுக்குள் தனப்பிரியாவும் குமாரபாளையத்திலிருந்து பட்டுச்சேலையும் பரிசுமாக வந்து சேர்ந்தாள். மூவரையும் தன் பந்தியிலேயே உட்கார வைத்துக்கொண்டார் கதிர்வேல்.

எதிர் வரிசையிலிருந்து அவருக்கு மாமன் முறையான கந்தவேல் குரல் கொடுத்தார். "கதிர்வேலு, உன்ற கடை ஆளுக வேல பிரமாதமப்பா. வர்ற தையில என்ற பேத்திக்குத் தெரட்டிச் சீரு வெச்சிருக்குது. அலங்காரம் பண்ணுன இந்தப் புள்ளைய அனுப்பி உடு. நமக்குள்ள என்ன காசு?"

கதிர்வேல் பாயசத்தைக் கீழே வைத்தார். "மாமா, நாற்காலிதானுங்க என்றது. கை அவங்களுது. எடத்துக்கு வாடக வாங்கறவன் ஆளுக்கு மொதலாளி ஆயிர முடியாதுங்க. நம்ம காச எவ்வளவு வேணா தானம் பண்ணலாம், அடுத்தவங்க உழைப்ப நாம தானம் பண்ணக்கூடாதுங்க. நம்பர் தாரேன், நீங்களே அவங்களக் கேளுங்க."

கந்தவேலின் மூஞ்சி தொங்கிப் போனது.

சௌந்தர்யா குனிந்து மெல்லச் சொன்னாள். "அண்ணா, உங்க கதைக்கு இன்னொரு ஷெட்டுக்காரர் கெடச்சுட்டாருங்க."

"இதோட மூணு பேரு ஆச்சு அம்மிணி" என்று சிரித்தார் கதிர்வேல். "நடுவுல இருக்கறவன் நானு."