ஒத்துக்கொள்ளும் உலோகம்

மனித குலத்தின் வரலாறே உலோகங்களின் வரலாறுதான். டாக்டருக்கு எதிரே உட்கார்ந்து உரைகல் இப்படித்தான் ஆரம்பித்தார். பக்கத்தில் அவர் மனைவி, ஒரு விரல் அகலத்துக்கு மேல் வாய் திறக்க முடியாமல், கைப்பையில் ஒரு ஸ்ட்ராவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நகைக்கடையில் முப்பது வருடம் தங்கத்தை உரசித் தரம் சொன்னவர் என்பதால் அவருக்கு உரைகல் என்று பட்டப்பெயர்.

டாக்டர் ஒரு தட்டை நகர்த்தினார். அவள் காதுக்கு முன்னால், தேய்ந்து ஒட்டிக்கொண்ட தாடை மூட்டுக்குப் பதிலாகப் பொருத்த வேண்டியவை. வெள்ளைக் கிண்ணம் பிளாஸ்டிக். அதற்குள் அசைகிற குமிழ் கோபால்ட் குரோமியம். இன்னொரு குமிழ் டைட்டானியம். உரைகல் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"தங்கத்துல பண்ண மாட்டீங்களா?"

"மெல்லும்போது வளைஞ்சிடும் சார். இவங்களுக்குக் கவரிங் நகை போட்டா அரிக்குமா? அப்படின்னா கோபால்ட் வேணாம், அதுல கொஞ்சம் நிக்கல் கலந்திருக்கும்."

"அரை மணி நேரத்துல கழுத்து செவந்துடும். இவ உடம்புக்குத் தங்கம் மட்டும்தான்."

"எதுக்கும் டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாமா?"

"முப்பது வருஷம் டெஸ்ட் பண்ணவன் சார் நான். எனக்கேவா?"

"அப்ப டைட்டானியம். அளவெடுத்துச் செஞ்சு வர நாலு மாசமாகும். கோபால்ட்னா அடுத்த வாரமே போட்டுடலாம்."

இன்னும் நாலு மாதம் அவள் கரைத்த சோற்றை உறிஞ்ச வேண்டும். கவரிங் ஒத்துக்காது என்பது கல்யாணமான புதிதில் பெருமைக்காக அவளே விட்ட கதை. தங்கச் சங்கிலி பதினோரு வருடத்துக்கு முன்பு பஸ்ஸில் தொலைந்துபோனது. மறுநாளே அதே அச்சில் ஒரு கவரிங் வாங்கி மாட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து அது கழுத்தை விட்டு இறங்கவில்லை, ஒருநாளும் அரித்ததில்லை. இவரும் ஒருநாளும் கேட்டதில்லை. தெரியவில்லையா, தெரிந்தும் விட்டுவிட்டாரா என்பதுதான் இன்றுவரை அவளுக்குப் பிடிபடவில்லை.

டாக்டரின் மருந்துச் சீட்டை இழுத்து எழுதினாள்: எனக்குக் கவரிங் ஒத்துக்கும்.

உரைகல் படித்துவிட்டுச் சிரித்தார். "வலியில கொழம்பிப் போயிருக்கா. ஒத்துக்கும்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?"

நியாயமான கேள்வி. அவள் பேனாவை வைத்துவிட்டு, கழுத்துச் சங்கிலியைத் தொட்டுக் காட்டினாள்.

டாக்டர் சங்கிலியைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். உரைகல் எழுந்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, சங்கிலியை இரண்டு விரலால் தூக்கினார். வெகுநேரம் பார்த்தார். அவர் காது சிவந்ததா, அறை விளக்கே அப்படித்தானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"சுத்தமான இருபத்திரண்டு கேரட்" என்றார்.

கொக்கியில் பச்சைக் களிம்பு படிந்திருந்தது.