தராசுக் காட்சி

எனக்குச் சண்டைப் படம் பிடிக்கும். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஒருவன் பத்துப் பேரை அடிக்க வேண்டும், அடித்துவிட்டுச் சட்டையைச் சரிசெய்ய வேண்டும், பின்னால் மேளம் அதிர வேண்டும். எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூட மாஸ்டர் ஒருவர், "தனுஜா, நல்ல படமா பாத்துப் பழகுங்க" என்று என் போனில் ஒரு படத்தைப் போட்டுத் தந்தார். அதில் ஒரு கிழவர் பஸ்சுக்குக் காத்திருக்கிறார். ஒன்றரை மணிநேரம் காத்திருக்கிறார். பலாங்கொடை பஸ்சுக்கு நானே வாரம் ஒருமுறை அவ்வளவு நேரம் காத்துக்கிடக்கிறேன், அதைப் படமாக வேறு பார்க்க வேண்டுமா?

அழுகைப் படமும் பார்ப்பேன். அழுவதற்குப் பெரிய காரணம் வேண்டாம், கதாநாயகியின் அம்மா இரண்டு தடவை இருமினாலே போதும். என் புருஷன் கிருஷ்ணகுமார் டவுனில் த்ரீவீலர் ஓட்டுகிறவர். "ஒனக்குக் கண்ணுலதான் பைப்பு பூட்டியிருக்கு" என்று கேலி செய்வார். செய்யட்டும். எட்டு மணிநேரம் மலையில் நின்றுவிட்டு வருகிறவளுக்கு அழவும் சிரிக்கவும் ஒரு இடம் வேண்டும்.

எனக்கு ஆகாதது ஒன்றுதான், தேயிலை மலை வருகிற படம். மலை வந்தால் பாட்டு வரும். பாட்டு வந்தால் எங்களைப் போல வேஷம் போட்ட பெண்கள் வருவார்கள். முற்றின இலையைப் பிடுங்கி வெறுங்கூடையில் போட்டுவிட்டு இடுப்பை ஆட்டிச் சிரிப்பார்கள். எங்கள் கங்காணி கண்டால் அப்போதே மலையை விட்டு இறக்கிவிடுவார்.

இவ்வளவு பேசுகிறவளுக்கும் ஒரு ஆசை இருந்தது. முப்பத்தாறு வயதாகி, இரண்டு பிள்ளைக்கு அம்மாவான பிறகும், ஒரே ஒருமுறை என் முகம் திரையில் வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வீட்டில் ஆளில்லாத நேரம் கண்ணாடிக்கு முன்னால் வசனம் பேசியிருக்கிறேன். அதனால்தான் பிரதீபன் வந்த அன்று எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

பிரதீபன் கொழும்புப் பையன், படம் எடுக்கப் படித்தவர். தோட்டத்துப் பெண்ணைப் பற்றி அரைமணிநேரப் படம் எடுக்க, மேனேஜர் துரையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு காலையில் நாங்கள் வேலைக்குப் பேர் கொடுக்கிற இடத்துக்கே வந்துவிட்டார். "நடிக்கக்கூடிய யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டார். முப்பது கை என்னைக் காட்டியது.

"எங்கம்மா ஓப்பநாயக்கப் பக்கம் ஒரு தோட்டத்துல பொறந்தவங்க அக்கா. எனக்கு இது வேற கதையில்ல" என்றார். நல்ல பிள்ளை. இப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

முதலில் எங்கள் லயத்து வரிசை வீட்டில் எடுத்தார். சுவரில் இருந்த பெரிய டீவியைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "இத கழட்டலாமா அக்கா?" கழற்றினோம். மின்குமிழை எடுத்துவிட்டு மண்ணெண்ணெய்க் குப்பிலாம்பு வைக்க வேண்டும் என்றார். நான்கு லயத்திலும் தேடினோம், ஒருவரிடமும் இல்லை. கடைசியில் டவுனில் போய் புதிதாக வாங்கி, கரியைப் பூசிப் பழசாக்கினார்கள். நாங்கள் கொழுந்து போடுவது நைலோன் பையில். அவரோ கொழும்பிலிருந்து பிரம்புக் கூடை கொண்டுவந்திருந்தார். எல்லாவற்றுக்கும் சரி என்றேன். சினிமா என்றால் வேஷம் என்று எனக்குத் தெரியாதா?

மூன்றாம் நாள் தராசுக் காட்சி. மலையடியில் கொழுந்து நிறுக்கிற இடம். நிறுக்கிற ஆளாக, அங்கே தினமும் நிறுக்கும் அழகமுத்து அண்ணனையே நிற்க வைத்தார். படத்தில் அவர் என் கொழுந்தில் இரண்டு கிலோவைக் குறைத்துச் சொல்வார். நான் ஒன்றும் பேசாமல், கண் கலங்கி, தலையைக் குனிந்து நடந்து போக வேண்டும். அதுதான் படத்தின் கடைசிக் காட்சி.

எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. பை தராசில் தொங்கியதும் பைக்குரியவள் முள்ளைப் பார்த்து நிறையைச் சத்தமாகச் சொல்வாள். பின்னால் நிற்பவளும் பார்த்துச் சொல்வாள். இரண்டு பேர் சொன்னதைத்தான் எழுதலாம். முன்பு தராசில் நின்ற ஒருத்தன் பைக்கும் மழைத்தண்ணிக்கும் என்று இஷ்டத்துக்குக் கழித்துக்கொண்டிருந்தான். கொழுந்தை நிறுக்கக் கொடுக்காமல் மூன்று நாள் ரோட்டில் உட்கார்ந்து, வெயிலில் காய்ந்து, நாங்கள் வாங்கிய வழக்கம் அது.

கெமரா ஓடியது. கூடை தராசில் ஏறியது. உண்மையான கொழுந்துதான் வேண்டும் என்று பிரதீபன் நிரப்பச் சொன்னதால் கனத்தது. அழகமுத்து அண்ணன் எச்சிலை விழுங்கிக்கொண்டு, "பதினாலு" என்றார்.

"பதினாறு" என்றாள் பின்னால் நின்ற நிரோஷா. "முள்ளப் பாருங்கண்ணே."

"பதினாறுதான்" என்றது வரிசை முழுதும்.

எல்லோரும் சிரித்துவிட்டோம். பிரதீபனும் சிரித்தார். இது நடிப்பு, யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று விளக்கினார். இரண்டாம் முறை நிரோஷா முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள், ஆனால் கடைசியில் நின்றவள் சொல்லிவிட்டாள். அழகமுத்து அண்ணனுக்கு முகம் வியர்த்தது. "நான் கள்ளன் மாதிரி நிக்கிறேன் தம்பி, வேற ஆளப் போடுங்களேன்" என்று கெஞ்சினார்.

மூன்றாம் முறை ஒருவரும் பேசவில்லை. ரோட்டில் உட்கார்ந்த அந்த மூன்று நாளுக்குப் பிறகு தராசுக்கு முன்னால் அப்படியொரு அமைதியை நான் கேட்டதே இல்லை. பழைய நாட்கள் திரும்பி வந்தது போல இருந்தது. "பதினாலு" என்று அண்ணன் சொன்னதும் என் வாய் தானாகவே, "பதினாறு" என்றது.

"தவ பாரக், அக்கே" என்றான் கெமராக்காரப் பையன் சிங்களத்தில், இன்னொருமுறை என்று.

நான்காம் முறை வாயை அடக்கிவிட்டேன். தலைதான் குனியவில்லை.

பிரதீபன் என்னைத் தனியே கூப்பிட்டார். "நடிப்புதானே அக்கா. வில்லனா நடிக்கிறவன் உண்மையிலேயே வில்லனா?"

"வில்லனா நடிச்சவர மறுநாள் யாரும் வில்லன்னு சொல்லமாட்டாங்க. நான் குனிஞ்சா, பாக்கிறவங்க நாங்க எல்லாருமே இப்படித்தான்னு நினைப்பாங்க. நாளைக்கு இதே தராசுக்கு முன்னால நான்தானே நிக்கணும்."

"எங்கம்மா இப்படிக் குனிஞ்சுதான் நின்னாங்க" என்றார் மெதுவாக. "அதச் சொல்லத்தான் நான் படமே எடுக்கிறேன்."

அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இருந்தாலும் சொன்னேன். "அப்ப அம்மா கதைய அம்மா காலத்துல வச்சு எடுங்க தம்பி. என் தலையில ஏன் எடுக்கிறீங்க? இல்லாட்டி, நான் பதினாறுன்னு சொல்றதையே படமா வைங்க."

"அப்புடி வச்சா சோகம் போயிரும் அக்கா." கடிகாரத்தைப் பார்த்தார். "குனிய ஏலாதுன்னா, வேற ஆளத்தான் பாக்கணும்."

போனது. கண்ணாடி முன்னால் பேசிய அத்தனை வசனமும் அந்த ஒரு வார்த்தையில் போனது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கேட்டபோதெல்லாம் வராத அழுகை அப்போது ஊற்றியது. கெமராக்காரன் கெமராவை என் பக்கம் திருப்பினான். நான் திரும்பி நின்று, கூடையைக் கழற்றிக் கீழே வைத்தேன்.

நிரோஷாவைக் கேட்டார்கள், மாட்டேன் என்றாள். கொழும்பிலிருந்து நடிகை வந்தால் பின்னால் வரிசையில் நிற்பீர்களா என்று மற்றவர்களைக் கேட்டார்கள். அதுவும் முடியாது என்றார்கள். பிரதீபன் யட்டியாந்தோட்டைப் பக்கம் போய், ஒரு நடிகையை வைத்து முதலிலிருந்தே எடுத்ததாகக் கேள்விப்பட்டேன். கிருஷ்ணகுமார் மட்டும், "கொஞ்சம் குனிஞ்சிருந்தா என்னா கொறஞ்சிருக்கும்?" என்றார். அன்றைக்கு அவருக்கு நான் தேத்தண்ணி ஊற்றவில்லை.

நான்கு மாதம் கழித்துப் படம் போனுக்கு வந்தது, பிரதீபனே அனுப்பியிருந்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மலையில் உட்கார்ந்து பார்த்தேன். அந்த நடிகை குனிந்து நடந்து போனாள். நான் அழுதுவிட்டேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? நன்றாகவே எடுத்திருந்தார். பிறகு படத்துக்குக் கீழே எழுதியிருந்ததைப் படித்தேன். "இன்றைய தோட்டத்துப் பெண்ணின் கதை." அழுத கண்ணோடு அப்படியே கோபமும் வந்தது.

குரல் பதிவு ஒன்று அனுப்பினேன். "தம்பி, படம் பாத்தேன், அழுதேன். அந்தப் புள்ள நல்லா நடிச்சிருக்கு. அது ஒங்க அம்மா, அவங்க பட்டது உண்மை. ஆனா கீழ இன்றையன்னு போட்டிருக்கீங்களே, அந்த ஒரு வார்த்தைய எடுத்துருங்க. இன்னைக்கு இங்க நிக்கிறது நாங்க. எங்களுக்கு அந்தக் குனிஞ்ச கழுத்து இல்ல."

"யோசிக்கிறேன் அக்கா" என்று பதில் வந்தது.

யோசிக்கட்டும். நான் தினமும் அந்தப் படத்தைத் திறந்து கீழே பார்க்கிறேன். வார்த்தை அங்கேயேதான் இருக்கிறது. அதனால் தினமும் ஒரு பதிவு அனுப்புகிறேன். நேற்றுப் போனது பதினோராவது. இன்றைக்கு மலையை விட்டு இறங்கியதும் பன்னிரண்டாவது போகும். நிரோஷாவும் பேச வேண்டுமாம், அவளையும் கூட்டிக்கொண்டுதான் பேசப்போகிறேன்.