மறதி அண்ணனின் குடை

மருந்துக் கிடங்கைப் பூட்டும் பொறுப்பு அவருடையது. அங்கே எல்லோருக்கும் அவர் ‘மறதி அண்ணன்’. சாயங்காலம் பூட்டிவிட்டுப் பஸ் நிறுத்தம்வரை போவார். “அடடா, கண்ணாடியை விட்டுட்டேனே!” என்று திரும்பி ஓடுவார். மறுநாள் குடை. அதற்கடுத்து சாப்பாட்டு டப்பா.

உண்மையில் அவர் எதையும் மறந்ததில்லை. பூட்டை இழுத்துப் பார்க்கத்தான் ஓடினார். பூட்டியாயிற்று என்று நன்றாகத் தெரியும். ஆனாலும், பூட்டாமல் வந்திருந்தால், மருந்து திருடு போனால், யாரோ ஒரு நோயாளி தன்னால் செத்தால் என்று மனம் பிய்த்துத் தின்னும். வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள். மறதி கௌரவமான வியாதி. மனைவி வாங்கித் தந்த ஞாபகசக்தி டானிக்கை ஒரு வேளைகூட மறக்காமல் குடித்துவந்தார்.

ஒருநாள் மேலாளர் கூப்பிட்டு, சாவியை வாங்கி மேசைமேல் வைத்தார். பக்கத்தில் பேக்கிங் அக்கா பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

“தப்பா எடுத்துக்காதீங்க. இவ்வளவு மறதிக்காரர்கிட்ட சாவி இருக்கறது சரியில்ல. இனிமே டிரைவர் பூட்டட்டும்.”

டிரைவர் வண்டியிலேயே சாவியை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறவன். அண்ணன் அவசரமாகக் குறுக்கிட்டார்.

“எனக்கு மறதியே கிடையாது சார்.”

“அதையும் மறந்துட்டீங்களா?”

அண்ணன் தலைகுனிந்தபடி எல்லாவற்றையும் சொன்னார். அக்கா டேப்பைக் கீழே வைத்தாள்.

“எனக்குத் தெரியும்ண்ணே. கண்ணாடியை மூக்குல மாட்டிக்கிட்டே கண்ணாடியைத் தேடி வருவீங்க.”

“அப்புறம் ஏம்மா கேக்கல?”

“அவ்வளவு பாடுபட்டு மறைக்கறீங்க. எப்படிக் கேக்கறது?”

மேலாளர் சாவியை அவர் பக்கமே தள்ளினார். “உங்ககிட்டயே இருக்கட்டும். இதுக்கு டாக்டர் இருக்காங்க, போய்ப் பாருங்க. லீவு நான் தர்றேன்.”

அன்று மாலை பஸ் நிறுத்தத்தில் அக்காவும் நின்றாள். வழக்கம்போல மனம் அரிக்கத் தொடங்கியது.

“பூட்டை இழுத்துப் பாக்கணும் போல இருக்கும்மா.” குடையைச் சாக்கு சொல்லாமல் அந்த நிறுத்தத்தில் அவர் சொன்ன முதல் வாக்கியம் அது.

‘பூட்டியாச்சுண்ணே’ என்று அவள் சமாதானம் சொல்லவில்லை. “இருக்கட்டும். பஸ் வர்றவரைக்கும் சேர்ந்தே நிப்போம்” என்றாள். பஸ் வந்தது. கடவுளை வேண்டிக்கொண்டே ஏறிவிட்டார்.

வீட்டில் மனைவி கேட்டாள். “குடை எங்கே?”

யோசித்தார். நிஜமாகவே நினைவில்லை.

“மறந்துட்டேன்” என்றார். சொல்லும்போதே சிரிப்பு வந்தது. கடவுளுக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டார்.

மனைவி டானிக் பாட்டிலோடு வந்தாள்.

“அதை வெச்சிட்டு இப்படி உக்காரு. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”