ஆறு வேளைப் பால்

ஆயுவே அம்மாள் இறந்த ஏழாம் நாள் காலை, அவருடைய இளைய மகன் குவோதுங்கின் சைக்கிள் டயர்களில் காற்றுக்குப் பதில் பால் இருந்தது. மருமகள் பாவ்லியென்னின் சைக்கிளிலும் அதே கதை. பசும்பால் என்றாலாவது பரவாயில்லை. எழுந்திருக்க முடியாதவர்களுக்கு மூக்கில் குழாய் செருகி ஊற்றுகிறார்களே, டின்னில் வரும் வெனிலா வாசனைச் சத்துப் பால், அது. உடம்புச் சூட்டில் இருந்தது. தைவானில் எங்கள் ஊர் குவான்ஷான் ரயிலடிக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருக்கும் ஆகுன் வால்வை அழுத்திப் பார்த்தபோது மூக்கிலும் வாயிலும் பீய்ச்சியடித்தது. இன்றைக்கும் அந்தப் பேச்சை எடுத்தால் முதலில் காறித் துப்பிவிட்டுத்தான் பதில் சொல்வான். ட்யூபை மாற்றினான், டயரை மாற்றினான், கடைசியில் சக்கரத்தையே மாற்றினான். காலை ஆறு மணி தொடங்கி இரவு ஒன்பது வரை, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம், வேளைக்கு இருநூற்றைம்பது மில்லி என்று டயர்கள் பால் கட்டிப் பருத்தன. அந்த அம்மாளுக்கு இரண்டு வருடம் ஊற்றிய அளவும் நேரமும் அதுவே என்பதால், இது யார் வேலை என்று ஊரில் யாரும் கேட்கவில்லை.

புருஷன் பெண்டாட்டி இருவரும் சைக்கிள் பைத்தியங்கள். குவோதுங் ரயில்வேயில் சிக்னல் பார்த்தவர். பாவ்லியென் விவசாயிகள் சங்கத்தில் நெல்லின் ஈரம் பார்த்தவள். கல்யாணமான நாள்முதல் விடிந்ததும் வயல்களுக்கு நடுவே பக்கத்து ஊர் ச்சிஷாங் வரை மிதித்துப் போய், ஆளுக்கொரு கிண்ணம் சோயாப்பால் குடித்துவிட்டுத் திரும்புவார்கள். முப்பதாவது கல்யாண நாளுக்குத் தைவானை ஒரு சுற்றுச் சுற்றி வருவது என்று முடிவுசெய்து, வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையின் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார்கள். ஆயுவே அம்மாளுக்கு இதெல்லாம் கேலி. நாற்பது வருடம் ரயிலடியில் நாற்றத் தோஃபு, அதாவது நாறும்படி புளிக்கவைத்த சோயாக் கட்டி, பொரித்து விற்றவர் அவர். தள்ளுவண்டியை விட்டு நகர முடியாமல் மாவட்டத் தலைநகர் தைதுங்குக்கு அப்பால் எதையும் பார்க்காதவர். "சுத்திச் சுத்திக் கடைசில பொறப்பட்ட எடத்துக்கே வந்து நிக்கறதுக்கு எதுக்குடா கெளம்பணும்? வீட்லயே குந்திக்கிட்டா வேலை முடிஞ்சுது" என்பார். சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த வரைபடத்தை அரை மணி நேரம் பார்ப்பார்.

பிறகு பக்கவாதம் வந்தது. இடது பக்கமும் பாதித் தொண்டையும் போயின. மகனும் மருமகளும் கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினார்கள். ஒரு கிண்ணத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும், பாதி உள்ளே போகும், பாதி சட்டைமேல் வழியும், புரையேறும், கிழவி அதற்கும் சிரிப்பார். இளைத்துக்கொண்டுதான் வந்தார், மறைப்பானேன். அப்போது கலிஃபோர்னியாவிலிருந்து மூத்த மகன் குவோலியாங் வந்து இறங்கினார். ஆறு வருடம் எட்டிப்பார்க்காத பிள்ளை, வாசலில் பெட்டியை வைத்த கையோடு கத்த ஆரம்பித்தார். "அம்மாவைப் பட்டினி போட்டே கொல்றீங்களா? பசியோட போனா பேயா அலைவாடா! நீ பெத்தவளுக்குச் செய்யற லட்சணம் இதுதானா?" தெருவே கேட்டது. ஊருக்குப் பயந்து குவோதுங் கையெழுத்துப் போட்டார். மூக்கில் குழாய் ஏறியது. பத்தாம் நாள் அண்ணன் அம்மாவின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு விமானம் ஏறினார். அம்மா நல்ல கையால் குழாயை மூன்று தரம் பிடுங்கி எறிந்தார். நான்காம் தரம் பிடுங்காதபடி, பிங்பாங் மட்டை போல ஒரு கையுறையை மாட்டிக் கட்டில் கம்பியில் கட்டினார்கள். கட்டியது குவோதுங். ரயில்வேக்காரரின் முடிச்சு, லேசில் அவிழாது. அந்த அம்மாளுக்கு அப்போது வாயில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு வார்த்தை: "அவுத்துவிடுடா." ஒரு மாதம் சொன்னார். "உன் நல்லதுக்குத்தாம்மா" என்று ஒரு மாதமும் பதில் வந்தது. அதன்பின் அதையும் சொல்லவில்லை. ஆறு வேளைக்கும் ஆள் வேண்டும் என்பதால் தம்பதியர் இரண்டு வருடம் ஒன்றாக சைக்கிள் மிதிக்கவில்லை. ஒருவர் போனால் ஒருவர் ஊற்றுவார். முப்பதாவது கல்யாண நாள் மூன்று மணிப் பாலோடு கழிந்தது.

மே மாதம் அந்த அம்மாள் போய்ச் சேர்ந்தார். எங்கள் வழக்கப்படி பக்கத்து வீட்டார் கால்மாட்டில் ஒரு கிண்ணம் சோறும் அவித்த வாத்து முட்டையும் வைத்தார்கள். மறுநாளே வந்துவிட்ட மூத்தவர் அதை எடுத்துக் கொட்டிவிட்டு, படையல் மேசைமேல் சத்துப் பால் டின்களைக் கோபுரமாக அடுக்கினார். "ரெண்டு வருசமா வயிறு பழகினது இதுதான். திடீர்னு சோறு வெச்சா அம்மாவுக்கு ஒத்துக்காது." செத்தவளுக்கு வயிறு கெட்டுவிடும் என்று கவலைப்பட்ட பிள்ளையை எங்கள் ஊர் அன்றுதான் பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை, பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், அது இன்னும் கேவலம்.

ஏழாம் நாள் டயர்கள் நிரம்பியதும் மூத்தவர், இறந்தவர்களிடம் கேள்வி கேட்கும் பிறை வடிவ மரத்துண்டுகள் இரண்டையும் எடுத்து வந்தார். ஒன்று நிமிர்ந்து ஒன்று கவிழ்ந்தால் ஆமாம் என்று அர்த்தம். இரண்டும் கவிழ்ந்தால் இல்லை. இரண்டும் நிமிர்ந்தால் கேட்டவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். "பால் போதுமாம்மா?" என்று போட்டார். கவிழ்ந்தன. "இதைவிட ஒசந்த பால் வேணுமா?" என்று போட்டார். இரண்டும் மல்லாந்து விழுந்து ஆடின. "பாரு, அம்மா சந்தோசத்துல சிரிக்கிறா!" என்று தைதுங்குக்கு ஆள் அனுப்பி உசந்த டின்கள் வரவழைத்தார். டயர்களுக்குள் இருந்ததும் உசந்ததாக மாறியது. இன்னும் கெட்டி, சீக்கிரம் திரிந்தது. ஜூன் வெயிலில் அந்தத் தெருவின் நாற்றத்தை நான் வர்ணிக்கப்போவதில்லை. பூனைகள் வயல்களைத் தாண்டி வந்து சேர்ந்தன. மூத்தவரின் வாடகைக் காரில் மட்டும் நான்கு டயர்களிலும் சுத்தமான காற்று இருந்தது. நாற்பத்தொன்பதாம் நாள் காரியம் முடிந்ததும் வட்டாரத் தலைவர் அவருக்கு "தாய்க்கு உகந்த மகன்" என்று பொறித்த பலகை ஒன்றைக் கொடுத்தார். அவர் அதைக் குமிழித்தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினார். சீ.

கார் தெருமுனை திரும்பியதுமே பாவ்லியென் டின்களை மூட்டை கட்டிக் குப்பை வண்டியில் ஏற்றினாள். மாமியாரின் பழைய எண்ணெய்ச் சட்டியைத் தேய்த்துக் கழுவினாள். பிறகு புருஷனைப் படையல் மேசைமுன் நிறுத்தினாள்.

"கேளு."

"என்னத்தக் கேக்கறது?"

"உனக்கே தெரியும். உங்கண்ணன் கேக்காததைக் கேளு."

குவோதுங் மரத்துண்டுகளைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். அவளே அவற்றை வாங்கி, "அத்தே, பசிக்குதா?" என்று போட்டாள். ஆமாம். நாற்றத் தோஃபு ஒரு தட்டு, ஊறவைத்த முட்டைக்கோஸ், பூண்டும் மிளகாயும் இரண்டு மடங்கு, பொரித்து வைத்தாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டில் உருப்படியான ஒரு நாற்றம் எழுந்தது. அப்போதுதான் குவோதுங் மண்டியிட்டார். "அம்மா, கையைக் கட்டினேனே, அதுக்குத்தான் கோபமா?" ஆமாம். "என்னை மன்னிச்சிட்டியா?" இல்லை. "மன்னிச்சிடும்மா." இல்லை. சாயந்திரம் வரை போட்டார். முழங்கால் தரையில் தேய்ந்தது. அத்தனை தரமும் மரத்துண்டுகள் கவிழ்ந்தே கிடந்தன.

மறுநாள் பாவ்லியென்னின் டயர்களில் காற்று இருந்தது. குவோதுங்கின் டயர்களில் பால். அவர் தினமும் கேட்டார், தினமும் இல்லை. சாப்பாடு இறங்கவில்லை, சைக்கிளைத் தொடவில்லை, அவர் கன்னமும் அம்மாவுக்கு ஒட்டியதுபோலவே ஒட்டியது. பாவ்லியென் கோடை முழுவதும் பொறுத்துப் பார்த்தாள். செப்டம்பரில் அவரைக் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். இருவரும் தங்களுக்கு நினைவு தப்பினால் மூக்கில் குழாய் போடக்கூடாது என்று சாட்சி வைத்து எழுதிக் கொடுத்தார்கள். கையெழுத்துப் போடும்போது குவோதுங், "கையைக் கட்டக்கூடாதுன்னு தனியா ஒரு வரி எழுதலாமா?" என்று கேட்டார். அங்கிருந்த பெண் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை என்றாள். ஓரத்தில் எழுதிவிட்டு வந்தார். அன்று இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டார். கண்ணாடிக்கு அடியிலிருந்த வரைபடத்தைப் பாவ்லியென் வெளியே எடுத்தாள். அக்டோபரில் போவது என்று பேச்சானது: வடக்கே ஹுவாலியென், மேற்குக் கரை வழியாக இறங்கி, தெற்கே ஷோகா மேடு ஏறி, ஒன்பதாம் நாள் வீடு.

கிளம்பும் காலையில் அவர் டயரைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "நீ போ. என்னை இன்னும் மன்னிக்கலை. இந்த டயரை வெச்சுக்கிட்டு நான் எந்த மூஞ்சியோட ஊரைச் சுத்தறது?"

பாவ்லியென் ஹெல்மெட்டை மாட்டியபடியே கத்தினாள். "நாலு மாசமா ஒரே கேள்வி! பெத்தவளை இப்படியா நச்சரிப்பே? மன்னிக்கலைன்னா மன்னிக்கலை, விடேன்யா. வேற ஏதாவது கேளு, இல்லேன்னா எந்திரி!"

குவோதுங் உள்ளே போனார். கையிலிருந்த வரைபடத்தை விரித்துப் படையல் மேசையில் தோஃபுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "அம்மா," என்றார், "கூட வர்றியா?"

ஒன்று நிமிர்ந்து, ஒன்று கவிழ்ந்து விழுந்தது. நம்பாமல் மறுபடி போட்டார். ஆமாம். மூன்றாம் தரமும் ஆமாம். ஓவென்று அழுதார், சாவு வீட்டில் அழாத அழுகை.

ஒன்பது நாளும் அவர் பால் டயர்களிலேயே போனார். காற்றைவிடப் பால் கனம், மேட்டில் இழுத்தது. வேளைக்கு வேளை நிறுத்தி, டயர் வெடிக்காதபடி வால்வைத் திறந்து அளவாகப் பாலை வெளியே விட்டார். பின்னாலேயே பூனைகள் வந்தன, தங்கிய விடுதிகளில் மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். தங்கிய ஊரிலெல்லாம் பாவ்லியென் நாற்றத் தோஃபு வாங்கி ஹேண்டில்பாருக்கு முன்னால் வைத்து, எந்த ஊர், கடல் எந்தப் பக்கம் என்று மாமியாருக்குச் சொன்னாள். புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றார்கள். மன்னித்தாயா என்று மாதம் ஒரு தரம் இப்போதும் கேட்கிறார். மரத்துண்டுகள் கவிழ்ந்துதான் விழுகின்றன. அவரும் தலையாட்டிவிட்டு எழுந்துவிடுகிறார். வருகிற வசந்தத்தில் எதிர்த் திசையில் ஒரு சுற்றுச் சுற்றுவதாகத் திட்டம். பால் நிறையப் பிடிக்கும்படி அகல டயராகப் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறார்கள். ஆகுன் காறித் துப்பிவிட்டு அளவெடுத்துக்கொண்டான்.